வின்சுலோ வீட்டுப் பிள்ளைகளும் உடுவில் பிள்ளைகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்ச் சொற்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு வின்சுலோ என்றால் ஓர் அகராதி. 1862-இல் சென்னையில் அச்சானது, 67,000 சொற்களுக்கு மேல் கொண்டது. மறுபதிப்பை ஒரு கையால் எடுத்தால் மணிக்கட்டு வலிக்கும். அதைப் புரட்டுகிறவர்களில் பலருக்கு மைரன் வின்சுலோ பற்றித் தெரிந்தது ஒரு வரிதான்: அமெரிக்கப் பாதிரியார், சென்னையில் இருந்தவர். அதற்கு முன்னால் யாழ்ப்பாணத்தில் உடுவில் என்ற ஊரில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டு அம்மா ஹாரியட் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அந்த வீட்டில் குழந்தைகள் பிறந்தார்கள், சிலர் தங்கவில்லை, தங்கியவர்கள் கப்பலேறிப் போனார்கள். அகராதியில் இவற்றுக்கு இடமில்லை.

இந்த ஆய்வு அந்த வீட்டைப் பற்றியது. காலம் 1820 முதல் 1833 வரை, அதன் பின்விளைவுகள் அதற்கு அப்பாலும். நான் கேட்க நினைத்தது ஒரே கேள்விதான். பிள்ளையை நல்லபடி ஆளாக்க வேண்டுமென்றால் அதைப் பிறந்த வீட்டிலிருந்து பிரித்து வளர்க்க வேண்டும் என்று நம்பிய ஒரு குடும்பம், ஊரார் பிள்ளைகளையும் பிரித்தது, பெற்ற பிள்ளைகளையும் பிரித்தது. இரண்டு பக்கமும் என்ன ஆயிற்று?

யாழ்ப்பாணத்துக்கு எப்படி வந்தார்கள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1810-இல் உருவான அமெரிக்க மிஷன் சங்கத்தின் முதல் குழு, 1815 அக்டோபரில் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து டிரையட் என்ற பாய்க்கப்பலில் கிளம்பி அடுத்த ஆண்டு கொழும்பில் இறங்கியது. அப்போது தேசாதிபதியாக இருந்தவர் பிரவுன்ரிக். அமெரிக்கர்கள் வடக்கே யாழ்ப்பாணத்துக்குப் போய்த் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கினார்கள். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பயன்படுத்திக் கைவிட்ட தேவாலயங்களும், அவற்றை ஒட்டிய வீடுகளும் அவர்களுக்குக் கிடைத்தன. சுவர் இருந்தது, கூரை இல்லை. பனையோலை வேய்ந்துகொண்டு குடியேறினார்கள்.

இரண்டாவது குழு 1819 ஜூன் 8 அன்று பாஸ்டனிலிருந்து இண்டஸ் கப்பலில் புறப்பட்டது. வின்சுலோ, ஸ்பால்டிங், உட்வார்ட், ஸ்கடர் என்று நான்கு தம்பதிகள். கல்கத்தா வழியாக வந்தார்கள். ஸ்கடர் தம்பதியின் கைக்குழந்தை கல்கத்தாவிலேயே இறந்தது. யாழ்ப்பாணத்து மண்ணை மிதிக்கும் முன்பே முதல் குழந்தையைக் கொடுத்தாயிற்று.

ஹாரியட்டுக்கு அப்போது வயது 23. கனெக்டிகட் மாநிலத்து நார்விச் ஊர்க்காரர். அங்கேயே ஞாயிறு பள்ளி ஒன்றைத் தொடங்கி நடத்தியவர். அந்த ஆண்டு ஜனவரியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. 1820-இல் கணவரோடு உடுவில் வந்து சேர்ந்தார்.

அடுத்து ஓர் அரசாங்க முடிவு. பொதுவாக இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் கதையின் அச்சாணி என்று படுகிறது. 1820-இல் அச்சுக்கூடம் நடத்துவதற்காகக் காரெட் என்ற இளைஞரை மிஷன் அனுப்பியது. அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவரைத் தங்க விடவில்லை, நாட்டை விட்டுப் போகச் சொன்னார். இனி அமெரிக்க மிஷனரிகள் புதிதாக வரக்கூடாது என்பது நிலைப்பாடு. 1833 வரை அந்தத் தடை நீடித்தது. ஆக, பதின்மூன்று ஆண்டுகளுக்கு இருக்கிறவர்கள்தான் இருக்கிறவர்கள். செத்தால் பதிலாள் கிடையாது. இருந்த ஆண்கள் பிரசங்கத்துக்கும் ஆண்பிள்ளைகள் பள்ளிக்குமே போதவில்லை. மிச்ச வேலை முழுவதும் மனைவிமார் தலையில் விழுந்தது. மிஷன் கணக்கில் அவர்கள் ‘துணை மிஷனரி’. சம்பளம் கணவனுக்குத்தான், வேலை இருவருக்கும்.

திருநீறு பூசிய வாத்தியாரும் தனிச் சமையற்கட்டும்

மிஷன் முதலில் தொடங்கியவை ஊர்ப் பள்ளிக்கூடங்கள். ஏற்கனவே இருந்த திண்ணைப் பள்ளிகளின் சாயல்தான். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவார்கள், எழுத்து பிடிபட்ட பிறகு ஓலையும் எழுத்தாணியும். வாத்தியார் பெரும்பாலும் சைவர். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வேதாகம வினாவிடையை மனப்பாடம் பண்ணவைப்பார். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எவ்வளவு ஒப்பித்தார்கள் என்று பார்த்துச் சம்பளம் கொடுத்தார்கள். பாதிரியார் பார்வையிட வரும் நாளில் பள்ளி நிரம்பியிருக்கும். மற்ற நாள் கதை வேறு. யாருக்கும் பெரிய நஷ்டமில்லாத ஏற்பாடு என்றே சொல்லலாம்.

பாதிரிமாருக்கு அது போதவில்லை. பகலில் நாம் சொல்லிக்கொடுப்பதை இரவில் வீடு அழித்துவிடுகிறது என்பது அவர்கள் குறை. தாய் கோயிலுக்குக் கூட்டிப்போகிறாள், பாட்டி கதை சொல்கிறாள், பிள்ளை காலையில் திரும்பவும் வெறும் மணலாக வந்து நிற்கிறது. எனவே விடுதிப் பள்ளி. பிள்ளை மிஷன் வளவுக்குள்ளேயே உண்டு உறங்கி வளர வேண்டும்.

சோறு போட்டுத் துணி கொடுத்து இலவசமாகப் படிக்க வைக்கிறோம் என்று சொல்லியும் பெற்றோர் எளிதில் சம்மதிக்கவில்லை. தெல்லிப்பழையில் தொடக்கத்தில் முட்டுக்கட்டையாக நின்றது சமையல். மதம்கூட இரண்டாவதுதான். பறங்கி வளவுக்குள் சமைத்ததைச் சாப்பிட்டால் சாதி கெட்டுவிடும். அதற்கு ஒரு வழி பண்ணினார்கள்: மிஷன் எல்லைக்கு வெளியே, பக்கத்துச் சைவர் காணியில் சமையற்கட்டு. பையன்கள் படிப்பது இந்த வளவில், சாப்பிடுவது வேலிக்கு அந்தப் பக்கம். கடவுள் விஷயத்தில் வளைந்துகொடுக்காதவர்கள் சோற்று விஷயத்தில் வளைந்தார்கள். இப்படித் தேறிய பையன்களுக்காகத்தான் 1823-இல் வட்டுக்கோட்டை செமினரி வந்தது. டானியல் பூர் முதல் தலைவர். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல் எல்லாம் அங்கே நடந்தன. அதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள், நான் கடந்து போகிறேன்.

பெண்பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கலானது. எழுத்து தெரிந்த பெண் என்றால் அந்தக் காலத்தில் கோயில் தாசியைத்தான் நினைப்பார்கள் என்று மிஷன் கடிதங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதில் மிகை இருக்கலாம். ஆனாலும் படித்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற பயம் உண்மையானது. இந்தப் பயத்துக்குப் பதில் இல்லாமல் எந்தப் பள்ளியும் நிற்காது என்பதை ஹாரியட்டும் கூட இருந்த பெண்களும் புரிந்துகொண்டார்கள். கணவர்கள் அதை அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

1824

அந்த ஆண்டு, பல மிஷன் நிலையங்களில் ஒன்றிரண்டாக இருந்த பெண்பிள்ளைகளை உடுவிலுக்குக் கொண்டுவந்து ஒரே விடுதிப் பள்ளியாக்கினார்கள். பொறுப்பு ஹாரியட்டுடையது. ஆசியாவின் முதல் பெண்கள் விடுதிப் பள்ளி என்று உடுவில் மகளிர் கல்லூரி இன்றும் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. ‘முதல்’ என்ற போட்டியில் எனக்கு ஆர்வமில்லை. எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் ஆர்வம்.

வெள்ளைக்காரி பள்ளி என்றதும் கவுனும் மேசைக்கரண்டியும் மனதில் வரும். இங்கே அப்படி இல்லை. பிள்ளைகள் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள், கையால் சோறு சாப்பிட்டார்கள், ஊர் உடுப்பையே உடுத்தினார்கள். வித்தியாசம் என்றால் மேலே ஒரு சட்டை, அதையும் தைக்கக் கற்றுக்கொண்டது அவர்களே. ஊசியும் நூலும் இந்தக் கதையில் புத்தகத்துக்குச் சமமான இடம் பிடித்தவை. அம்மாமார் பங்களா விறாந்தையில் உட்கார்ந்து தைப்பதை எட்டிப் பார்க்க வந்த சிறுமிகளிடமிருந்துதான் பள்ளியின் தொடக்கம் என்று ஊரில் ஒரு கதையும் உண்டு. கதை எப்படியோ, தைக்கத் தெரிந்த பெண் என்றால் ஊருக்கு உடனே புரிந்தது. வாசிக்கத் தெரிந்த பெண் என்றால் எதற்கு என்று கேட்டார்கள். முதலாவது இரண்டாவதைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தது.

பயிற்றுமொழி முதன்மையாகத் தமிழ். காலை மாலை ஜெபம், வேதாகமம், கணக்கு, பூமிசாத்திரம், தையல், சமையல். பாதித் தாய்வீடு, பாதி மடம் என்று சொல்லலாம். தாய்வீட்டில் இல்லாத ஒரு விதி மட்டும் இருந்தது: சேர்த்துவிட்டால் கல்யாணம் ஆகும்வரை பிள்ளையைத் திரும்பக் கேட்கக்கூடாது. பெற்றோரிடம் அதற்கு உடன்படிக்கையும் வாங்கிக்கொண்டார்கள்.

சைரஸ் கிங்ஸ்பரி என்ற வைரவநாதர்

விடுதிப் பிள்ளைகளின் செலவு அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒரு சபையோ ஒரு குடும்பமோ ஆண்டுக்கு இவ்வளவு என்று அனுப்பும், பதிலுக்கு ஒரு பிள்ளைக்குத் தாங்கள் விரும்பிய பெயரை வைக்கலாம். செத்துப்போன போதகர் பெயர், மதிப்புக்குரிய மிஷனரி பெயர், சபையில் பெரிய மனிதர் ஒருவரின் பெயர். இப்படித்தான் யாழ்ப்பாணத்துச் செம்மண் ஒழுங்கைகளில் ஹென்றி மார்ட்டின்களும் நெவின்ஸ்களும் கரோல்களும் ஆனல்ட்களும் நடமாட ஆரம்பித்தார்கள். 1841-இல் ‘உதயதாரகை’ பத்திரிகையைத் தொடங்கி நடத்திய இருவரின் பெயர் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். இருவரும் தமிழர்கள். ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதியவர் ஆனல்ட் சதாசிவம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை, இன்னொருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை.

அந்த ‘வை’ வைரவநாதர். தாமோதரம்பிள்ளையின் தந்தை. மிஷன் அவருக்கு வைத்த பெயர் சைரஸ் கிங்ஸ்பரி. அசல் சைரஸ் கிங்ஸ்பரி அமெரிக்காவில் செரோக்கி, சோக்டோ பழங்குடிகளுக்கு நடுவே இதே மிஷன் சங்கத்துக்காகப் பள்ளி நடத்திய பாதிரியார். வைரவநாதரின் ஊரான சிறுப்பிட்டிக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதைப் படிக்கிறபோது இன்றைய வாசகருக்குக் கோபம் வருவது இயல்பு. எனக்கும் வந்தது. காசு கொடுத்தவன் பெயர் வைப்பது என்பது மாட்டுக்குக் குறி சுடுவது மாதிரி இருக்கிறது. அந்தக் கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. பெயரை வாங்கிக்கொண்டவர்கள் பழைய பெயரை விடவில்லை. முன்னால் கரோல், பின்னால் விசுவநாதபிள்ளை. பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று. தாமோதரம்பிள்ளை மிஷன் படிப்பை முழுக்கப் படித்து, பிறகு சைவராகவே நின்று, தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மகனோ கிறிஸ்தவப் போதகராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்று பெயர் வைத்துக்கொண்டார். பாட்டனுக்கு யாரோ மாட்டிவிட்ட பெயரைப் பேரன் தானாக எடுத்துக்கொண்டான்.

சீதனம்

படித்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற கேள்விக்கு மிஷன் கண்டுபிடித்த பதில், நான் இதுவரை பார்த்த மிஷன் யுக்திகளில் மிகக் கெட்டிக்காரத்தனமானது. உடுவிலில் படிப்பை முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டுகிற பெண்ணுக்குச் சீதனம் மிஷனே கொடுக்கும். மாப்பிள்ளைக்கும் வெளியே தேட வேண்டாம். வட்டுக்கோட்டை செமினரியில் அதே வயதுப் பையன்கள் அமெரிக்கப் பெயர்களோடு வரிசையாக இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதன் கனம் உடனே பிடிபடாது. யாழ்ப்பாணத்தில் சீதனம் என்பது ஒரு வழக்கத்தோடு நிற்பதில்லை, சட்டம். ஒல்லாந்தர் 1707-இல் தொகுத்துவைத்த தேசவழமை, சொத்தை முதுசொம் (முன்னோர் வழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் சேர்த்தது) என்று பிரிக்கிறது. பெண்ணுக்கு உரியது சீதனம். பெற்றோர் கொடுக்கிற அந்தச் சீதனம்தான் அவளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கண்ணியமாக நகர்த்துகிறது. ஆக, சீதனம் கொடுக்க முன்வந்தபோது மிஷன் ‘நாங்கள்தான் இனி இவளுக்குத் தாய் தகப்பன்’ என்று ஊருக்குப் புரிகிற பாஷையில் சொல்லிவிட்டது. பிரசங்கத்தில் சொல்லியிருந்தால் கல் விழுந்திருக்கும். சீதனத்தில் சொன்னதால் ஏழைத் தகப்பன் ஒருவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மூன்று பெண்ணை வைத்துக்கொண்டு தவிக்கிறவனுக்கு ஒரு பெண்ணின் சுமை குறைகிறது என்றால் அது சின்ன விஷயமில்லை.

இதற்கு விலையும் இருந்தது. மாப்பிள்ளை பார்க்கும்போது சாதி பார்க்காமல் நடக்கவில்லை. பள்ளிக்கு வந்தவர்களில் பெரும்பகுதி வேளாளப் பிள்ளைகள், கல்யாணங்களும் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றின. ஒரே கடவுளின் பிள்ளைகள் என்று காலை ஜெபத்தில் சொன்னது மணவறைவரை வரவில்லை. மிஷனுக்குள்ளேயே பின்னாளில் இது சண்டையானது. உடுவில் தொடங்கியபோது அதைக் கிளறியிருந்தால் பள்ளிக்கு ஒரு பிள்ளையும் மிஞ்சியிருக்காது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். சமையற்கட்டை வேலிக்கு அப்பால் வைத்த அதே மனம்தான்.

பெற்ற பிள்ளைகள்

இப்போது பங்களாவுக்குள் வருவோம்.

ஹாரியட்டின் மூத்த மகன் சார்லஸ் 1821 ஜனவரியில் உடுவிலில் பிறந்தான். அடுத்தடுத்துக் குழந்தைகள். சிலர் குழந்தைப் பருவம் தாண்டவில்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் வீடு பார்த்து வருவதில்லை.

பிழைத்த பிள்ளைகளைப் பற்றித்தான் பெற்றோருக்கு உண்மையான குழப்பம். வெளிநாட்டில் ஊழியம் செய்த அமெரிக்கக் குடும்பங்கள் எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் அரித்த குழப்பம் அது. பிள்ளை ஆயாவிடம் தமிழ் பேசுகிறது, வாசலில் தேர் போனால் ஓடிப் பார்க்கிறது, ஊர்ப் பிள்ளைகளோடு கூத்தடிக்கிறது. இந்தச் சூழ்நிலையில் வளர்ந்தால் இவன் யார் ஆவான்? படிப்புக்கு என்ன வழி? யாரைக் கட்டுவான்? கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். உடுவில் தகப்பன்மார் கேட்ட அதே கேள்வி.

பதிலும் அதே பதில்தான். பிரித்துவிடு. கெடுக்கிற சூழ்நிலையிலிருந்து பிள்ளையை எடுத்து நல்ல கைகளில் கொடு. உடுவில் பிள்ளைக்கு நல்ல கை என்றால் மிஷன் பங்களா. பங்களாப் பிள்ளைக்கு நல்ல கை என்றால் அமெரிக்கா. ஊர்ப் பிள்ளையின் தாய் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், சண்டை போட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டும் போகலாம். போனவர்களும் உண்டு. பங்களாத் தாய்க்கு அது முடியாது. சூயஸ் கால்வாய் இல்லாத காலம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் கப்பல் போக வேண்டும். நான்கைந்து மாதம் ஆகும். ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஏறக்குறைய ஓர் ஆண்டு.

சார்லஸ் பத்துப் பதினோரு வயதில் அப்படி அனுப்பப்பட்டான். பெற்றோர் கூடப் போகவில்லை. ஊழியத்தை விட்டு நகர முடியாது, பதிலுக்கு ஆளும் வர முடியாது. தடை இன்னும் அமலில் இருந்தது. 1832-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவன் அதே ஆண்டில் நியூயார்க்கில் இறந்துபோனான்.

1833 ஜனவரி 14 அன்று ஹாரியட் உடுவிலில் இறந்தார். வயது 36.

அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் அவர் எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் சேர்த்து மைரன் ஒரு வாழ்க்கை நினைவு நூல் வெளியிட்டார். சார்லஸைப் பற்றியும் தனியாக ஒரு சிறு நூல் வந்தது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் படிப்பதற்கு. செத்த பிள்ளை பக்திப் புத்தகம் ஆவது அக்கால அமெரிக்க வழக்கம். எனக்கு அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. அவன் உயிரோடு இருந்தபோது அவனிடம் என்ன கேட்டார்கள் என்று யோசனை போகிறது.

தாயை இழந்த மகள்களைக் கூட்டிக்கொண்டு மைரன் அதே ஆண்டு அமெரிக்கா போனார். அவர்களை அங்கே விட்டுவிட்டுத் திரும்பினார். 1836-இல் சென்னையில் புது மிஷன் நிலையம் தொடங்கினார். மறுமணம் செய்துகொண்டார்.

குடும்பம் இதோடு பயந்துபோய் நின்றுவிட்டதா என்றால் அதுதான் ஆச்சரியம். ஹாரியட்டின் மூன்று தங்கைகள், அக்கா புதைந்த அந்த மிஷனுக்கே பாதிரிமார் மனைவிகளாக வந்து சேர்ந்தார்கள். பாண்டத்தரிப்பில் இருந்த ஸ்கடர் வீட்டில் இன்னும் ஒருபடி மேல். அங்கிருந்து சிறுவயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் வளர்ந்து 1840-களில் திரும்பி வந்து ஆற்காடு மிஷனுக்கு அடித்தளம் போட்டார். அவருடைய சகோதரர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அந்த வீட்டுப் பேத்தி ஐடா ஸ்கடர்தான் வேலூர் மருத்துவமனையைத் தொடங்கியவர். பிரித்து அனுப்பியது சிலரைக் கொன்றது, சிலரை அதே பாதையில் திருப்பி அனுப்பியது. இதில் எது விதி, எது விதிவிலக்கு என்று பெற்றோரால் முன்கூட்டிச் சொல்ல முடிந்திருக்காது.

ஹாரியட்டுக்குப் பிறகு

பள்ளி சாகவில்லை. ஸ்பால்டிங் தம்பதி உடுவிலுக்கு மாறினார்கள், அடுத்த நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார்கள். லீவை ஸ்பால்டிங்கை அகராதிக்காரர் என்று நாம் அறிவோம். பள்ளியை நடத்தியது மேரி ஸ்பால்டிங்.

1840-இல் நியூயார்க்கிலிருந்து எலைசா ஆக்னியு வந்தார். கல்யாணம் ஆகாதவர். கணவன் பெயரின் நிழலில் வராமல் இந்த மிஷனுக்கு வந்த முதல் அமெரிக்கப் பெண்களில் ஒருவர். உடுவில் பள்ளியில் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள். ஒருமுறைகூட விடுமுறைக்கு ஊருக்குப் போகவில்லை. தன்னிடம் படித்த பெண்களின் மகள்களுக்கும், அந்த மகள்களின் மகள்களுக்கும் பாடம் நடத்தினார். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொல்வார்கள், கணக்கும் ஏறத்தாழ அப்படித்தான் வருகிறது. அவர்களில் அறுநூறுக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்களாகப் பள்ளியை விட்டுப் போனார்கள் என்பது மிஷன் பதிவு. 1883-இல் மானிப்பாயில் இறந்தார். பிரிக்கச் சொந்தப் பிள்ளை இல்லாதவருக்கே இந்த முறை முழுதாகக் கைகூடியது என்பதைச் சும்மா ஒரு பக்கம் குறித்துவைக்கிறேன்.

நடுவில் 1855-இல் ஒரு வெட்டு விழுந்தது. பாஸ்டன் தலைமையகத்திலிருந்து செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து கணக்குப் பார்த்தார். இவ்வளவு செலவு, இவ்வளவு ஆங்கிலம், இவ்வளவு குறைவான மதமாற்றம் என்பது அவர் கண்டது. வட்டுக்கோட்டை செமினரியை மூடினார்கள். உடுவிலிலும் ஆங்கிலம் குறைந்தது, சீதனமும் நின்றது. செமினரியின் பழைய மாணவர்களுக்கு மனம் ஆறவில்லை. 1872-இல் வட்டுக்கோட்டையிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி வந்ததற்கு அவர்கள் தந்த நெருக்கடிதான் காரணம். இதை நான் மிக முக்கியமான சான்றாகப் பார்க்கிறேன். தொடக்கத்தில் சோறும் துணியும் கொடுத்துக் கூப்பிட்டும் வராதவர்கள், அரை நூற்றாண்டுக்குள் மூடிய கதவைத் தட்டித் திறக்கச் சொல்கிறார்கள்.

உடுவிலிலும் அதேதான். சீதனத்துக்காகப் பிள்ளைகள் வந்த பள்ளி, சீதனம் நின்ற பிறகும் நிரம்பியது. படித்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற கேள்வி, படிக்காத பெண்ணை யார் கட்டுவார்கள் என்று தலைகீழாகிவிட்டது. பெண் படிப்பு சீதனத்தை ஒழிக்கவில்லை, சீதனப் பட்டியலில் தானும் ஒரு வரியாகச் சேர்ந்துகொண்டது. இன்றைக்கும் யாழ்ப்பாணத்துக் கல்யாணப் பேச்சுகளைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் கணிப்பு

இதே மிஷன் சங்கம் இதே ஆண்டுகளில் இதே விடுதி முறையை அமெரிக்கப் பழங்குடிகளிடம் நடத்தியது. அங்கேயும் நன்கொடையாளர் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். செரோக்கி இளைஞர் ஒருவர் எலியாஸ் பூடினோ ஆனது இப்படித்தான். அங்கே நிலம் பறிபோனது, மக்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள், பின்னாளில் விடுதிப் பள்ளி என்ற சொல்லே அவர்கள் நெஞ்சில் முள்ளானது. யாழ்ப்பாணத்தில் அப்படி ஆகவில்லை. பாதிரிமார் இங்கே நல்லவர்களாகவும் அங்கே கெட்டவர்களாகவும் இருந்ததால் அல்ல. இங்கே அவர்களிடம் அதிகாரம் இல்லை. அவர்களையே எப்போது வெளியேற்றலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆங்கில அரசாங்கம் தலைக்கு மேல், காணியையும் கோயிலையும் கல்யாணத்தையும் கையில் வைத்திருந்த ஊர் காலுக்குக் கீழ். பேரம் பேசித்தான் பிள்ளை வாங்க வேண்டியிருந்தது. சமையற்கட்டு நகர்ந்தது, சீதனம் வந்தது, வாத்தியார் நெற்றியில் திருநீறு கிடந்தது. கொடுத்தவர்கள் தங்கள் கணக்கோடுதான் கொடுத்தார்கள்.

அந்தக் கணக்கில் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். எட்டு வயதில் தாயை விட்டு வந்து விடுதிப் பாயில் படுத்த சிறுமி தலைக்கு மேலிருந்த ஓலைக்கூரையைப் பார்த்துக்கொண்டு என்ன நினைத்தாள் என்று எழுதிவைக்க அவளுக்கு அப்போது எழுத்து தெரியாது. எழுத்து தெரிந்தபிறகு எழுதியவை மிஷனுக்குப் பிடித்த கடிதங்களாக இருந்தன, நன்கொடையாளருக்குப் போக வேண்டியவை. இந்த நிகழ்வில் மிகப் பெரிய இருட்டு அங்கேதான் இருக்கிறது, பங்களாவுக்குள் அல்ல.

சைவ உலகம் எடுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேய மெதடிஸ்ட்களின் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் இருந்தபடி அங்கிருந்த பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், அவர்களுடைய பள்ளிமுறை, அச்சு, பாடப்புத்தகம் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். பெண்களுக்கு அப்படி ஒன்று வர இன்னும் அறுபத்தைந்து ஆண்டு ஆனது. 1913-இல் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கு விடுதியோடு கல்லூரி தொடங்கினார். மருதனார்மடம் உடுவிலிலிருந்து கூப்பிடு தூரம். அங்கேயும் பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து தங்கிப் படித்தார்கள், காலையில் ஜெபத்துக்குப் பதில் தேவாரம். முறை ஹாரியட்டுடையது.

வின்சுலோ வீட்டில் மிஞ்சிய மகள்களில் ஒருத்திக்குத் தாயின் பெயரே: ஹாரியட். உடுவிலில் பிறந்தவள், தாய் இறந்தபோது சின்னக் குழந்தை. ஜான் வெல்ஷ் டலஸ் என்ற பாதிரியாரைக் கட்டினாள். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டலஸும், சி.ஐ.ஏ. தலைவராக இருந்த ஆலன் டலஸும் இவளுடைய பேரன்மார். பனிப்போர் நடத்தியவர்களின் பாட்டிக்குப் பிறந்த ஊர் உடுவில் என்பதை யாழ்ப்பாணத்திலேயே எத்தனை பேர் அறிவார்களோ.

கல்யாணமான புதிதில், 1840-களின் கடைசியில், கணவரோடு சென்னைக்கு மிஷன் வேலைக்கு வந்து சேர்ந்தாள். வயது இருபதையொட்டி. சென்னையில் அப்பா இருந்தார். நல்லூர் மிஷனரி ஜோசப் நைட் தொடங்கிவைத்த அகராதி வேலையை எடுத்துக்கொண்டு, தமிழ்ப் புலவர்களைப் பக்கத்தில் வைத்துச் சொல் சொல்லாகச் சேர்த்துக்கொண்டிருந்த காலம். ஆயாவிடம் பேசிய தமிழை நாலு வயதில் கப்பலில் விட்டுப் போன மகள், மிஷனரி மனைவி என்ற முறையில் அதை ‘அ’னாவிலிருந்து படிக்க வந்திருந்தாள். சில ஆண்டுகள்தான் இருந்தார்கள். அகராதி அச்சேறியபோது அவள் திரும்பவும் அமெரிக்கா போய்விட்டிருந்தாள். அப்பா 1864-இல் ஊருக்குப் புறப்பட்டார். கப்பல் நன்னம்பிக்கை முனைக்கு வந்தபோது இறந்துபோனார்.